மாரியாத்தாள் ஓட்டம்

என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், போடி கடைவீதிக்குப் பக்கத்துச் சந்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். எந்நேரமும் கறுப்புச் சட்டை. கோயில் வாசலில் செருப்பைக் கழற்றியதே கிடையாது. தன் கல்யாணத்துக்கே புரோகிதர் கூடாது என்று அடம்பிடித்து, அதில் ஜெயித்தவர். மற்ற கடைகளில் சாமி படம் மாட்டியிருக்கும் இடத்தில் அவர் கடையில் காற்றடிக்கும் பம்பு தொங்கும். இந்த மனிதர்தான் எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு பங்குனி மாதம், மாரியாத்தாளுக்கு நேர்ந்துகொண்டு தேவாரம்வரை ஓடித் திரும்பினார் என்று எங்கள் பக்கத்துப் பெண்கள் பலர் இன்றும் சொல்கிறார்கள். நடந்தது அதுவல்ல. நான் கூடவே இருந்தவன். தினமும் டைரி எழுதுகிறவனும்கூட. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

நான் அப்போது ஓர் ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். மலையிலிருந்து மூட்டைகள் வந்து இறங்கும். பின்கட்டில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, காயை முறத்தில் கொட்டித் தரம் பிரிப்பார்கள். பச்சை தனி, வெளுத்தது தனி, வெடித்தது தனி. வரிசையின் கடைசியில் தூணோரமாக உட்காரும் பெண்ணுக்கு இருபது வயதிருக்கும். கை வெகு வேகம். வாய் அதைவிட வேகம். மேஸ்திரி சத்தம்போட்டால் சிரிக்காமல் ஒரு வார்த்தை சொல்வாள். வரிசை முழுக்கச் சிரித்து ஓயக் கொஞ்ச நேரமாகும். என்னைக் 'கணக்கண்ணே' என்று கூப்பிடுவாள்.

அவள் வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியில்தான் மச்சானின் சந்து. தினமும் காலையில் அவர் கடைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்று, "அண்ணே, மணி என்னாச்சு?" என்பாள். அவர் சொல்வார். "சரிண்ணே" என்றுவிட்டு இன்னும் சற்று நின்று போவாள். மாதக்கணக்கில் இது நடந்தது. ஒருநாள் அவருடைய கைக்கடிகாரம் ரிப்பேருக்குப் போயிருந்தது. "கடியாரம் இல்லையே ஆத்தா" என்றார். அப்போதும் அவள் கம்பத்தை விடவில்லை. அன்றைக்குத்தான் அவர் அவளை நிமிர்ந்து பார்த்தாராம். தோள் ஏறி ஏறி இறங்குகிறது. உதடு நாவல்பழம் தின்றவள் உதடு மாதிரி இருக்கிறது.

மறுநாள் அந்தக் கம்பத்தடியில் ஒரு ஸ்டூல் கிடந்தது. அதைப் பற்றி அவர் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. உட்கார்ந்தாள். உட்கார்ந்துகொண்டு, "மணி என்னண்ணே?" என்றாள்.

அவளுக்கு அப்பா இல்லை. அம்மாவுக்கு மலைமேல் ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிற வேலை. வாரம் ஒருமுறை ஜீப்பில் இறங்கி வருவாள். அம்மாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு மச்சானும் நானும் ரயிலில் மதுரைக்குப் போனோம். டாக்டர் வெகுநேரம் குழலை வைத்துக் கேட்டார். சின்ன வயதில் முட்டி வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்று விசாரித்தார். வந்திருக்கிறது. பற்றுப் போட்டிருக்கிறார்கள், வீக்கம் வடிந்திருக்கிறது, மறந்துபோயிருக்கிறார்கள். அந்தக் காய்ச்சல் இருதயத்துக்குள் ஒரு வால்வைக் கெடுத்துவிட்டுப் போய்விட்டது. அதை மாற்ற வேண்டும், மெட்ராசில் மாற்றுவார்கள். அரசு ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குக் காசு வேண்டாம். ஆனால் வால்வு உலோகத்தில் செய்த வெளிநாட்டுச் சரக்கு, அதை நாம்தான் வாங்கித் தர வேண்டும். சித்திரை முடிவதற்குள் பணம் கட்டினால் வைகாசியில் படுக்கை கிடைக்கும். அதற்குமேல் தள்ளிப்போட்டால் தான் எதுவும் சொல்ல முடியாது என்றார். தொகையைக் கேட்டதும் அந்த அம்மா முந்தானையால் மகளின் நெற்றியைத் துடைத்துவிட்டாள்.

திரும்பி வரும் பாசஞ்சரில் மகள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அண்ணே, வால்வுன்னா என்னண்ணே?"

மச்சான் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன ரப்பர் துண்டை எடுத்தார். சைக்கிள் டியூபில் காற்றுப் போகிற வாயில் மாட்டும் வால் டியூப். அவர் பையில் எப்போதும் நாலைந்து கிடக்கும்.

"இதுதான் ஆத்தா. பம்பு அடிச்சாக் காத்து உள்ள போகும், வெளிய வராது. இது இத்துப்போச்சுன்னு வையி, எம்புட்டு அடிச்சாலும் வண்டி தொய்ஞ்சுதான் ஓடும்."

"அப்ப எனக்குப் பஞ்சர் இல்ல?"

"பஞ்சர் இல்ல. வால் டியூப்பு மட்டுந்தான்."

"அதுக்கா இம்புட்டுக் காசு? உங்க கடையில பத்துப் பைசாவுக்கு மாட்டுவீகளே."

அம்மா அவள் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். பிறகு அவளும் சிரித்துவிட்டாள். ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டும்வரை அந்தப் பெண் ரப்பர் துண்டை விரலில் சுற்றுவதும் எடுப்பதுமாக வந்தாள்.

ஓடும் யோசனை முடிவெட்டும் கடையில் வந்தது. அங்கே கிடந்த பழைய வாரப் பத்திரிகை ஒன்றில், ஒரு கால் இல்லாத வாலிபன் ஒருவன் புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டத் தன் நாட்டின் குறுக்கே ஓடினான் என்று போட்டிருந்ததாம். மச்சான் பாதி சவரத்தோடு எழுந்து, அந்தப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு நேரே எங்கள் கடைக்கு வந்துவிட்டார். ஒரு கன்னத்தில் சோப்பு காய்ந்திருந்தது.

"ஒத்தக் காலு மாப்ளே. நமக்கு ரெண்டு இருக்குல்ல?"

அவருக்கு அப்போது நாற்பதை நெருங்கும் வயது. சற்றே தொந்தி. பஸ்சுக்குக்கூட அவர் ஓடி நான் பார்த்ததில்லை.

திட்டத்தை அவரே சொன்னார். ஓடப்போவது இருபத்தாறு மைல். அதற்கு மாரத்தான் என்று பெயர். மைலுக்கு இவ்வளவு என்று ஊரார் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் எத்தனை மைல் ஓடி முடிக்கிறாரோ அத்தனைக்குக் கொடுக்க வேண்டும். சைக்கிள் சக்கரத்தில் ஒரு துணியைக் கட்டி, துணி எத்தனை முறை மேலே வருகிறது என்று எண்ணிக்கொண்டே மிதித்து, அவரே தூரத்தை அளந்தார். சிலமலை வழியாகத் தேவாரம் போய்த் திரும்பி, குறைகிற தூரத்துக்கு ஊருக்குள் ஒரு சுற்று வந்தால் சரியாக இருந்தது.

தை மாதம் பயிற்சி தொடங்கியது. முதல் நாள் ரயில்வே ஸ்டேஷனைத் தாண்டவில்லை. மதகுக் கட்டையில் உட்கார்ந்துவிட்டார். நான் தண்ணீர்க் கேனோடு பின்னால் சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். "மாப்ளே, டைரியில எழுதிராதீங்க" என்றார். அன்றிரவே எழுதினேன், அவர் நிறுத்திவிடுவார் என்றும் சேர்த்து எழுதினேன். அவர் நிறுத்தவில்லை. மறுநாள் ஸ்டேஷனைத் தாண்டினார். மாசி பிறப்பதற்குள் மலையடிவாரத்து முந்தல்வரை போய்த் திரும்பினார். அதன் பிறகு மலைச்சாலையில் ஏற ஆரம்பித்தார். கொண்டைஊசி வளைவுகளில் ஏறும்போது நான் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு வருவேன். அவர் ஓடுவார். ஓட்டம் என்று சொல்லும்படி இருக்காது. ஆனால் நடை இல்லை. இரண்டு கால்களில் ஒன்று எப்போதும் தரையில் இல்லாதபடி பார்த்துக்கொள்வார். கீழே இலவ மரங்களில் காய் வெடித்துப் பஞ்சு பறக்கும். மேலே போகப் போகக் காப்பிப் பூ வாசம் வரும். வாசத்தைச் சொன்னால், "பேசாம வாங்க மாப்ளே, மூச்சுக்குத்தான் நேரமிருக்கு" என்பார்.

அவர் போட்டிருந்தது சாதாரணக் கேன்வாஸ் ஷூ. மலைச்சாலையில் அதன் அடி பத்து நாளில் தேய்ந்துவிட்டது. பழைய சைக்கிள் டயரைப் பாத அளவுக்கு வெட்டி, டியூப் ஒட்டுகிற சொல்யூஷன் தடவி ஒட்டிக்கொண்டார். நனைந்த சாலையில் அவர் ஓடிப்போன பிறகு பார்த்தால், ஒரு குட்டி சைக்கிள் விட்டு விட்டுப் போன மாதிரி தடம் இருக்கும்.

விடிவதற்கு முன்பே தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையேறும். ஒரு ஜீப்புக்குள் எத்தனை பேர் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது; பின்னால் தொங்குகிறவர்கள் மட்டும்தான் தெரிவார்கள். தொங்குகிறவர்களுக்கு எங்களைக் கண்டால் கொண்டாட்டம்.

"அண்ணே, செயின் அத்துப்போச்சா?"

"ஊருக்கெல்லாம் சைக்கிள் குடுத்துட்டு ஓடுறீகளே, ஒரு வண்டி கூடவா சும்மா நிக்கல?"

அவர் கறுப்புச் சட்டையைப் பார்த்து ஒருத்தி கேட்டாள்: "சோதி பாத்து ரெண்டு மாசமாச்சே சாமி, இன்னுமா மாலையக் கழட்டல?" சபரிமலைக்குப் போய்வந்தவர் என்று நினைத்துவிட்டாள். மலைக்கு அந்தப் பக்கத்து டிரைவர் ஒருவர் மட்டும் தினமும் வண்டியை மெதுவாக்கி, "எந்தா சேட்டா, கேறுந்நோ?" என்று ஏறச் சொல்வார். மச்சான் கையை ஆட்டி மறுப்பார். சில நாட்களில் அந்தக் கை ஆடுவதற்குச் சற்றுத் தாமதமாகும். அதையும் நான் கவனித்திருக்கிறேன்.

தரம் பிரிக்கிற இடத்தில் எல்லாச் செய்தியும் அன்றன்றைக்கே வந்துவிடும். அந்தப் பெண் ஸ்டூலில் உட்கார்ந்து அவரிடம் சொன்னாள்: "நான் நாலு படி ஏற முடியல. நீங்க மலையே ஏறுறீக. பாதி மூச்ச இங்கிட்டுக் குடுங்கண்ணே."

"அதுக்குத்தான் ஆத்தா ஓடுறேன்" என்றார். வேறு யார் சொல்லியிருந்தாலும் வசனம் மாதிரி இருந்திருக்கும். அவர் குனிந்து, ஒரு பெடல் கட்டையைத் திருகிக்கொண்டே சொன்னார்.

கால்கள் தயாராகிவிட்டன. பணம்தான் வரவில்லை. மைலுக்கு இவ்வளவு என்கிற ஏற்பாடு ஒருவருக்கும் பிடிபடவில்லை. டீக்கடையில் ஒருவர் கேட்டார்: "நீ ஓடுனா நான் எதுக்குப்பா காசு குடுக்கணும்? நான் டெய்லி தோட்டத்துக்கு நடக்குறேன், நீ குடுப்பியா?" நல்ல கேள்வி என்றுதான் எனக்கும் தோன்றியது. பங்குனி பிறந்தது. உண்டியல் என்று வைத்திருந்த பிஸ்கட் டப்பாவைக் குலுக்கினால் சத்தம் மட்டும் நன்றாக வந்தது.

அதனால் நோட்டீஸ் அடிப்பது என்று முடிவு செய்தோம். வாசகத்தை நான் எழுதினேன். 'இருதய சிகிச்சை நிதிக்காக மாரத்தான் ஓட்டம்' என்று தலைப்பு. அதன் கீழே பெண்ணின் நிலைமை, ஓடும் நாள், வழி. அச்சகத்தில் கொடுத்தோம். கல்யாணப் பத்திரிகையும் கோயில் நோட்டீசும் அடிக்கிற சின்ன அச்சகம். சிறிய நோட்டீசுக்கெல்லாம் புரூப் காட்டும் வழக்கம் அங்கே கிடையாது. அடித்த கையோடு கட்டுக் கட்டாகப் பஸ்சில் ஏற்றி, சிலமலைக்கும் தேவாரத்துக்கும் அனுப்பிவிட்டார்கள். மிச்சம் கடைவீதியெங்கும் போய்விட்டது. சாயங்காலம் மச்சான் கைக்கு ஒன்று வந்தது.

மஞ்சள் தாள். உச்சியில் பிள்ளையார் சுழி. அதன் கீழே 'ஸ்ரீ மாரியம்மன் துணை'. அதற்கும் கீழே, பெரிய எழுத்தில், 'இருதய சிகிச்சை நிதிக்காக மாரியாத்தாள் ஓட்டம்'.

மச்சான் ஓடியதில் அன்றைக்கு அச்சகத்துக்கு ஓடியதுதான் வேகம். எழுத்துக் கோக்கிற பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

"மாரத்தான்னு ஒரு வார்த்தை கெடையாதுப்பா. எழுத்து விட்டுப்போச்சுன்னு நாந்தான் சரி பண்ணேன்."

"மாரத்தான்னு ஒண்ணு இருக்குங்க!"

"எங்க இருக்கு?"

"வெளிநாட்டுல."

"நம்ம நோட்டீசுல எதுக்கு?"

"சரி, அந்தச் சுழி? அந்தத் துணை? நான் எழுதிக் குடுத்தேனா?"

"அந்த ரெண்டு வரி எப்பவுமே அச்சுக் கட்டுலயே இருக்குமப்பா. கழட்டுனா மேல மொட்டையா இருக்கும். நல்லாவா இருக்கும்?"

மச்சான் நோட்டீசை நாலாக மடித்துப் பையில் வைத்தார். சண்டை பிடிக்கவில்லை. பெரியவர் வேறு தாளில் சும்மாவே திருப்பி அடித்துத் தருவதாகச் சொல்லி, வெற்றிலைப் பெட்டியையும் நீட்டினார். ஆனால் அதற்குள் ஊர் படித்து முடித்திருந்தது.

மறுநாள் விடியலில் நாங்கள் ஓடக் கிளம்பியபோது சாலை வேறு மாதிரி இருந்தது. ஒரு ஜீப்பிலிருந்தும் கேலி வரவில்லை. தொங்கிக்கொண்டிருந்தவர்கள் இவரைக் கண்டதும் ஒரு கையை விட்டுக் கும்பிட்டார்கள். முந்தலில் ஒரு கிழவி மஞ்சள் துணியில் முடிந்த காசைச் சைக்கிள் ஹேண்டில்பாரில் கட்டிவிட்டுப் போனாள். கடைக்குத் திரும்பினால் அந்த ஸ்டூலின்மேல் இன்னும் சில முடிச்சுகள். நேர்ந்துகொண்டவரை வெறுங்கையோடு தாண்டிப்போக விடக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. டீக்கடையில் கேள்வி கேட்டவரும் வந்து போட்டார்.

ஏலக்காயை ஏலம் விடும் மையத்திலும் அதே கதை. அங்கே ஒவ்வொரு லாட்டுக்கும் சாம்பிள் காய் கைக்குக் கை வரும். வியாபாரிகள் பார்ப்பார்கள், மோந்து பார்ப்பார்கள், ஒன்றைக் கடித்துப் பார்ப்பார்கள், மிச்சத்தைத் தரையில் கொட்டிவிட்டு அடுத்த சாம்பிளுக்குப் போவார்கள். ஏலம் முடிந்தால் தரை பச்சையாகக் கிடக்கும். அந்த வாரம் யாரோ நடுக்கூடத்தில் ஒரு சாக்கை வாய்திறந்து வைத்துவிட்டார்கள். கொட்டுகிற கை எல்லாம் சாக்கின் பக்கம் திரும்பியது. இந்து வியாபாரி, முஸ்லிம் வியாபாரி எல்லாரும் அதற்கு 'மாரியாத்தா மூட்டை' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். "ஏ, மூட்டையில போடுப்பா, மூட்டையில!" என்று ஒருவரையொருவர் அதட்டிக்கொள்வதை நானே கேட்டேன்.

மூட்டையைப் பற்றிக் கேள்விப்பட்ட அன்று மச்சான் கடையை அரைக்கதவு சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் ஸ்டூலில் இருந்தாள். நான் கணக்கனுக்குரிய புத்தியோடு பேசினேன். பணம் வந்துகொண்டிருக்கிறது, சித்திரைக் கெடு நெருங்குகிறது, ஊர் ஒன்றை நம்பினால் அதை நாம் ஏன் கலைக்க வேண்டும் என்றேன்.

"என்னய வச்சு அம்மனுக்கு ஆளுச் சேக்குறது இருக்கட்டும் மாப்ளே" என்றார். "அம்மன் பேரச் சொல்லி ஒரு கறுப்புச் சட்டைக்காரன் ஊர ஏமாத்தி வாங்குனான்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லக் கூடாது. அந்தக் காசுல வாங்குன வால்வா இந்தப் புள்ள நெஞ்சுல இருக்கணும்?"

பெண் தன் விரல் நகங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏலக்காய்க் கறை போக, நகங்களின் அடியிலும் நீலம் ஓடியிருந்தது.

"சங்கடமா இருந்தா விட்ருங்கண்ணே" என்றாள். "நான் இந்த ஸ்டூல்லயே உக்காந்துக்கிறேன்."

அவர் எழுந்து அரைக்கதவைத் திறந்துவிட்டார். அப்போது அவர் செய்ததைத்தான் இத்தனை வருடத்துக்குப் பிறகும் நான் வியந்து நினைக்கிறேன். ஓட்டத்தை அவர் நிறுத்தவில்லை. உண்மையை மறைக்கவும் இல்லை. இரண்டையும் சேர்த்துச் செய்தார். அதன் பிறகு எங்கள் பயிற்சி முழுவதும் வீடு வீடாக நின்று சொல்கிற பயிற்சியாகிவிட்டது. காசு கொடுத்தவர் யாராக இருந்தாலும், மூச்சு வாங்க அவர் முன்னால் போய் நின்று, "இது நேர்த்திக்கடன் இல்லைங்க. எனக்குச் சாமி நம்பிக்கை கெடையாது. ஒரு பொண்ணோட ஆபரேஷனுக்காக ஓடுறேன். வேணும்னா காசத் திருப்பி வாங்கிக்கங்க" என்பார்.

சிலமலையில் ஒரு நடுவயதுப் பெண், குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமலே முழுவதையும் கேட்டாள். பிறகு சொன்னாள்: "வெரதத்துல இருக்கவுக பேசக் கூடாது சாமி. பேசாம ஓடுங்க."

"வெரதம் இல்ல ஆத்தா! காலையில முட்டை தின்னுட்டுத்தான் வந்தேன்!"

"தின்னாலும் தின்னதச் சொல்லக் கூடாது சாமி."

அவர் என்னைப் பார்த்தார். நான் தண்ணீர்க் கேனைப் பார்த்தேன்.

எல்லா இடத்திலும் ஏறக்குறைய இப்படியே நடந்தது. அவர் மறுக்க மறுக்க, பெரிய நேர்த்திக்கடன் போலிருக்கிறது, அதனால்தான் வெளியே சொல்ல மறுக்கிறார் என்று பேச்சாகிவிட்டது. ஒரே ஒருவர், தேவாரத்து மளிகைக் கடைக்காரர், நோட்டை விரித்துப் பார்த்துக்கொண்டு, "அம்மனுக்குன்னுதான் குடுத்தேன். இல்லைன்னா எனக்கு வேணும்" என்றார். மச்சான் உடனே எடுத்துக் கொடுத்து, அவரைக் கும்பிட்டார். திரும்பும் வழியில் நான் அந்தக் கடைக்காரரைத் திட்டினேன்.

"திட்டாதீங்க மாப்ளே" என்றார். "நான் சொன்னத ஒழுங்காக் கேட்டது அவரு ஒருத்தருதான்."

ஓட்டத்தன்று இருட்டோடு அவர் கடை வாசலிலிருந்து கிளம்பினோம். பெண்ணின் அம்மா மலையிலிருந்து முதல் நாளே வந்திருந்தாள். அவள் வேப்பங்கொத்து ஒன்றைக் கொண்டுவந்து, அவர் இடுப்பில் செருகத் தயங்கி, என் சைக்கிளில் செருகினாள். மச்சான் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றி ஸ்டூலில் இருந்த பெண்ணிடம் கொடுத்தார். "பத்திரமா வச்சிரு ஆத்தா. வந்து வாங்கிக்கிறேன்."

போகும்போது சுகமாகப் போனார். வழியில் ஊருக்கு ஊர் பெண்கள் மஞ்சள் தண்ணீர்க் குடங்களோடு நின்றார்கள். நேர்ந்துகொண்டவர் வந்தால் முதலில் காலில் ஊற்ற வேண்டும், பிறகுதான் குடிக்கக் கொடுக்க வேண்டும். இவர் சாலையின் மறு ஓரத்துக்கு ஒதுங்கி, "வேணாம் ஆத்தா, வேணாம்" என்றபடி தாண்டிவிடுவார். தாகத்துக்கு என் கேன் இருந்தது. தேவாரத்தைத் தொட்டுத் திரும்பியபோது வெயில் ஏறிவிட்டது. திரும்பிச் சிறிது தூரம்தான் வந்திருப்போம், என் பின்சக்கரம் புஸ்ஸென்று உட்கார்ந்துவிட்டது. அவர் கடை வண்டி.

அவர் நின்றுவிட்டார். நின்றதோடு இல்லை, குனிந்து டயரை அமுக்கிப் பார்க்கத் தொடங்கிவிட்டார். "முள்ளுதான் மாப்ளே. ரெண்டு நிமிசச் சோலி."

"மச்சான்! ஓடுங்க! வெரசா ஓடுங்க, நான் பாத்துக்கிறேன்!"

மனமில்லாமல் ஓடினார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்க்காமலே கத்தினார்: "காத்தில்லாம ஏறி மிதிச்சிராதீங்க, டியூப்பு கந்தலாயிரும்!"

தண்ணீர்க் கேன் என்னிடமே இருந்தது என்பது அவர் கண் மறைந்த பிறகுதான் இருவருக்கும் உறைத்திருக்கும். நான் போடி பஸ்சை மறித்து, சைக்கிளை மேலே ஏற்றிவிட்டுப் படியில் தொற்றிக்கொண்டேன். சிலமலைக்கு முன்னால் அவரைப் பிடித்தோம். ஓடவில்லை. ஒரு புளிய மரத்தைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை நீட்டவும் முடியாமல் மடக்கவும் முடியாமல் நின்றுகொண்டிருந்தார். கெண்டைக்கால் சதை கல்லாகி இருந்தது. உதட்டில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. கண்டக்டர் கையை நீட்டி, "ஏறிக்கங்கண்ணே, யாரு பாக்கப் போறா" என்றார். நான் கேனோடு குதித்து இறங்கினேன்.

அதற்குள் குடத்துப் பெண் வந்துவிட்டாள். அவரைப் பேச வேண்டாம் என்று சொன்ன அதே பெண். அவள் யாரையும் எதுவும் கேட்கவில்லை. குடத்தைச் சாய்த்து அவர் முழங்காலிலிருந்து ஊற்றினாள். மஞ்சளும் வேப்பிலையும் கலந்த தண்ணீர், கிணற்றுத் தண்ணீர். அவர் கண்ணை மூடிக்கொண்டார். பற்கள் நெறிபடுவது எனக்குத் தெரிந்தது. தண்ணீர் வழிந்து ஷூவுக்குள் இறங்கியது. கெண்டைச் சதை துடித்து, மெல்ல மெல்ல இளகியது. பஸ் போகாமல் நின்றுகொண்டிருந்தது. ஜன்னலுக்கு ஜன்னல் தலைகள்.

மச்சான் கண்ணைத் திறந்தார்.

"இன்னொரு குடம் இருக்கா ஆத்தா?"

"இருக்கு சாமி."

"ஊத்துங்க."

அவள் பின்னாலிருந்த பெண்ணின் குடத்தை வாங்கி ஊற்றினாள். பிறகு பானகம் கொடுத்தாள். மூன்று சொம்பு குடித்தார். காலை உதறிப் பார்த்தார். அவளைப் பார்த்து எதுவும் சொல்லாமல் தலையை மட்டும் தாழ்த்திவிட்டு ஓடத் தொடங்கினார். நான் கேனோடு கூடவே ஓடினேன். அன்றைக்கு நானும் சிறிது தூரம் ஓடினேன் என்பதைக் குறிப்பிட வேண்டும். பக்கத்தில் வந்ததும் தாழ்ந்த குரலில் சொன்னார்: "மஞ்சள் கிருமிநாசினி மாப்ளே. வேப்பெலையும் அப்படித்தான்."

"நான் ஒண்ணும் சொல்லலையே மச்சான்."

"டைரியில எழுதும்போது அதையும் சேத்து எழுதிருங்க."

எழுதினேன்.

என் சைக்கிளோடு பின்னாலேயே வந்த பஸ்சில் நான் மறுபடி தொற்றிக்கொண்டேன். அதற்குப் பிறகு ஒரு குடத்தையும் அவர் ஒதுக்கவில்லை. போடிக்குள் நுழைந்தபோது கறுப்புச் சட்டையின் கீழ்ப்பாதி மஞ்சளாகியிருந்தது. ஊருக்குள் அளந்துவைத்திருந்த சுற்றை ஓர் அடிகூடக் குறைக்காமல் ஓடினார். குறுக்குச் சந்து ஒன்று இருந்தது. கூட்டமே அதைக் காட்டி, "இப்படி வாங்கண்ணே, போதும்" என்றது. அவர் சுற்றித்தான் வந்தார்.

கடைக்கு வந்ததும் அந்தக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். தோள் ஏறி ஏறி இறங்கியது. வாய் திறந்தும் பேச்சு வரவில்லை. தரம் பிரிக்கிற பெண்கள் முறத்தைப் போட்டுவிட்டு வந்து நின்றிருந்தார்கள். குலவை போட வாயெடுத்தவர்கள், அவர் என்னவோ சொல்ல முயல்வதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

"மணி..." என்றார். "மணி என்னாச்சு ஆத்தா?"

அந்தப் பெண் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். மணியைச் சொன்னாள். பிறகு ஸ்டூலை விட்டு எழுந்து, அதை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"உக்காருங்கண்ணே."

உட்கார்ந்தார்.

முடிச்சுகளும் மூட்டையும் சேர்ந்து வால்வுக்குப் போதுமாக இருந்தன. சித்திரை முடிவதற்குள் கட்டிவிட்டோம். வைகாசியில் அம்மாவும் மகளும் மெட்ராசுக்குப் போனார்கள். மச்சானும் கூடவே போய், ஆபரேஷன் முடிந்து அவள் கண் விழிக்கும்வரை அங்கேயே இருந்தார். அந்த நாட்களில் கடையை நான்தான் திறந்து மூடினேன். கண் விழித்துவிட்டாள் என்று தந்தி வந்த அன்று, ஏலம் முடிந்ததும் வியாபாரிகளே கடைக்கு வந்து கேட்டுவிட்டுப் போனார்கள்.

சிலமலைப் பெண்கள் அம்மனுக்குப் பொங்கல் வைத்தார்கள். மச்சானுக்கு ஒரு தூக்குச்சட்டி வந்தது. பொங்கலை அவர் சாப்பிட்டார். சட்டியைக் கழுவித் திருப்பி அனுப்பும்போது, வால்வு எந்த நாட்டில் செய்தது, எப்படி வேலை செய்கிறது என்று ஒரு தாளில் என்னை எழுதச் சொல்லி உள்ளே வைத்து அனுப்பினார்.

ஆவணியில் அவள் வேலைக்குத் திரும்பினாள். அன்று காலை நான் மச்சான் கடையில்தான் இருந்தேன். அவர் ஸ்டூலைத் துடைத்துக் கம்பத்தடியில் போட்டுவிட்டு, ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தார். சந்து முனையில் அவள் வந்தாள். உதடு சாதாரணமாக எல்லாருக்கும் இருக்கிற உதடாக இருந்தது. கம்பத்தை நெருங்கினாள். தாண்டிப் போய்க்கொண்டே இருந்தாள்.

மச்சான் சக்கரத்தை விட்டுவிட்டு எழுந்தார். "ஏ ஆத்தா! மணி கேக்கலையா?"

அவள் நிற்கவில்லை. நடந்துகொண்டே தலையை மட்டும் திருப்பினாள்.

"கடியாரத்த நெஞ்சுக்குள்ளயே வச்சு அனுப்பிட்டாங்கண்ணே. ராத்திரியெல்லாம் டிக்கு டிக்குங்குது, தூங்கவே முடியல!"

வேலைக்கு நேரமாகிவிட்டது என்று சந்தைத் தாண்டிப் போய்விட்டாள். கோட்டம் எடுத்த சக்கரம் தானாகவே சுற்றிக்கொண்டிருந்தது. மச்சான் அதை நிறுத்தாமல், வெறும் ஸ்டூலில் வந்து உட்கார்ந்துகொண்டார்.